செண்டாய், மார்ச் 2011: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது நாகப்பட்டினத்தில். ஜப்பானின் வடகிழக்கே செண்டாய் நகரில் உலோகவியல் ஆய்வு வேலை கிடைத்து, மனைவியோடும் மகளோடும் சில வருஷம் அங்கே இருந்தேன். 2011 மார்ச் 11 நிலநடுக்கம், உடனே வந்த சுனாமி, அதற்குப் பின்னால் ஃபுகுஷிமா அணு உலை என மூன்றும் அந்தக் காலத்தில் நடந்தவை. வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பாதி சொல்லி மீதியை மறந்துவிடுகிறேன். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

ஆடியபோது எங்கே இருந்தீர்கள்?

ஆய்வுக்கூடத்தில், மூன்றாவது மாடியில். வெள்ளிக்கிழமை பிற்பகல் 2:46. மேஜைக்கு அடியில் போய்விட்டேன். அளவு 9.0 என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பெரிய ஆட்டம் மட்டுமே சுமார் மூன்று நிமிஷம். கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் மூன்று நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், தெரியும். நடுவில் ஒருமுறை தணிந்தது. அப்பாடா என்று தலையை வெளியே நீட்டினேன். அதற்கப்புறம்தான் பெரிதாக வந்தது.

என்னோடு வேலை செய்தவர் மேஜைக்குப் போகுமுன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்து, இடுக்கில் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தார். ஏன் என்று அப்போது புரியவில்லை. சட்டம் கோணிவிட்டால் கதவு திறக்காது. அந்தப் பாடம் அவருக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தது. எனக்கு முப்பத்தைந்து வயதில் கிடைத்தது.

முன்கூட்டியே எதுவும் தெரியவில்லையா?

இரண்டு நாளுக்கு முன், மார்ச் 9 காலையில், 7-க்கு மேல் அளவுள்ள ஒன்று அதே கடல் பகுதியில் வந்தது. எல்லோரும் ஒரு நிமிஷம் நின்றோம், பிறகு வேலையைப் பார்த்தோம். அதை முன்னோட்டம் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. 11-ஆம் தேதி கைபேசியில் எச்சரிக்கை மணி அடித்தது. அது நிலநடுக்கத்தை முன்னறிந்து சொல்வதல்ல. வேகமாக வரும் சிறிய அலையைக் கருவி பிடித்து, பின்னால் வரும் பெரிய அலைக்கு முன் சில விநாடி அவகாசம் தருகிறது. அடுப்பை அணைக்கலாம், மேஜைக்கு அடியில் போகலாம். அவ்வளவுதான் அதில் முடியும்.

சுனாமி உங்கள் வீட்டுக்கு வந்ததா?

இல்லை. வீடு கடலிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, மலையடிவாரத்தில் இருந்தது. செண்டாய்ச் சமவெளியில் தண்ணீர் 4, 5 கிலோமீட்டர் வரை வந்து நின்றது. நிலம் அங்கே நாகப்பட்டினம் மாதிரியே தட்டை. வயல், வயல், வயல், அப்புறம் கடல். ஏறிக்கொள்ள மேடு கிடையாது. கடற்கரையோரம் அராஹாமா ஆரம்பப் பள்ளியின் மொட்டை மாடியில் ஏறிய சுமார் 320 பேர் பிழைத்தார்கள். அந்தக் கட்டடத்தை இடிக்காமல் 2017 முதல் மக்கள் பார்ப்பதற்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். போக முடிந்தால் போங்கள். தண்ணீர் எந்த மாடிவரை ஏறியது என்பதைச் சுவரில் பார்க்கலாம்.

2004-ஐப் பார்த்தவர்களுக்கு சுனாமி பற்றி ஏற்கெனவே தெரிந்திருக்குமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். ‘சுனாமி’ என்ற சொல் எங்கள் ஊர்க் குழந்தைக்கும் அன்றிலிருந்து தெரியும். ஆனால் அந்தச் சொல்லை மட்டும்தான் நாம் இறக்குமதி செய்திருக்கிறோம். அதோடு கூடவே வரவேண்டிய பழக்கங்கள் வரவில்லை.

2004-இல் நமக்கு முன்னறிவிப்பு என்று எதுவுமில்லை. நிலம் நடுங்கியது சுமத்ராவில். அலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்தது. செண்டாயில் நடுக்கமே எச்சரிக்கை. கடற்கரையில் நின்று நீண்ட நேரம் ஆடினால், அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது, மேட்டுக்குப் போக வேண்டும். இங்கே ஒரு சிக்கல். முதல் அறிவிப்பில் மியாகி மாநிலத்துக்கு 6 மீட்டர், இவாத்தே, ஃபுகுஷிமாவுக்கு 3 மீட்டர் என்றார்கள். அரை மணி நேரத்துக்குள் மியாகிக்கு அதை 10 மீட்டருக்கு மேல் என்று உயர்த்தினார்கள். அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போய்விட்டது. 3 மீட்டர் என்று கேட்டு, ‘நம் தடுப்புச் சுவர் அதைவிட உயரம்தானே’ என்று நினைத்தவர்கள் உண்டு. முதலில் சொல்லப்படும் எண் அவசரத்தில் சொல்லப்படுவது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வடக்கே சான்ரிக்கு கடலோரத்தில் ‘தெந்தென்கோ’ என்று ஒரு பேச்சு வழக்கு. அலை வந்தால் அவரவர் அவரவர் பாட்டில் ஓடு, அப்பா அம்மாவைத் தேடி நிற்காதே என்று பொருள். முதலில் கேட்டபோது கல்நெஞ்சக்காரர்கள் என்று தோன்றியது. பிறகுதான் புரிந்தது: பிள்ளை நிச்சயம் ஓடியிருப்பான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அம்மா அவனைத் தேடிக் கடல் பக்கம் போகமாட்டாள். கமாய்ஷி நகரில் கிட்டத்தட்ட மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகள் பிழைத்ததற்கு இந்தப் பயிற்சிதான் காரணம்.

மகளை எப்படி அழைத்து வந்தீர்கள்?

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம். மகளுக்கு அப்போது ஐந்து வயது, மழலையர் பள்ளியில் இருந்தாள். சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள்: பேரிடர் வந்தால் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம்? மூன்று பெயர் எழுத இடம் இருந்தது. நாங்கள் இரண்டு எழுதிவிட்டு மூன்றாவதைக் காலியாக விட்டோம். யாரைப் போய்க் கேட்பது, எதற்கு அவர்களுக்குத் தொந்தரவு என்று.

அன்று ரயில் இல்லை, பேருந்து இல்லை. மனைவி நகரின் மறுபக்கம் மாட்டிக்கொண்டாள். நான் ஆய்வுக்கூடம் இருந்த மலையிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்து இறங்கினேன். பனி கொட்ட ஆரம்பித்தது. போய்ச் சேர்ந்தால், எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி வாசலில் நிற்கிறார். எனக்கு வெகு நேரம் முன்பே வந்துவிட்டார். பள்ளியில் பிள்ளையைத் தரவில்லை, அவர் பெயர் படிவத்தில் இல்லையே. அவர் சண்டை போடவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. மகள் பஞ்சு வைத்துத் தைத்த தலைக்கவசத்தோடு உள்ளே உட்கார்ந்திருக்க, இவர் ஜன்னலுக்கு வெளியே நின்று கையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஏப்ரலில் மூன்றாவது பெயரை எழுதிக் கொடுத்தோம்.

ஊருக்கு எப்போது தகவல் சொன்னீர்கள்?

மறுநாள் மாலை. இதுதான் நான் செய்த பெரிய தவறு.

நாங்கள் நலமாக இருந்தோம், நாங்கள் நலம் என்று எங்களுக்கே தெரியும், அதனால் அவசரமாகத் தோன்றவில்லை. ஆனால் நாகப்பட்டினத்தில் என் அம்மா தொலைக்காட்சிக்கு எதிரில் இருந்தார். செண்டாய் பக்கத்து வயல்களில் கறுப்பாகத் தண்ணீர் ஓடுவதை, வீடுகளும் கார்களும் மிதப்பதை, விமான நிலையம் மூழ்குவதை உலகமே நேரலையில் பார்த்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை, எங்களுக்கு மின்சாரம் இல்லை. 2004-இல் நான் சென்னையில் உட்கார்ந்து அம்மாவின் குரலுக்காகக் காத்திருந்தேன். இந்த முறை அது திரும்பிப் போட்டது போல் ஆயிற்று. 28 மணி நேரம் அவர் சாப்பிடவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள்.

கைபேசி முதல் சில நிமிஷத்திலேயே நெரிசலில் அடைத்துக்கொண்டது. கோபுரங்களின் பேட்டரியும் பிறகு தீர்ந்தது. வேலை செய்தவை பச்சை நிறப் பொதுத் தொலைபேசிகள். அவற்றை உள்நாட்டு அழைப்புக்கு இலவசமாக்கிவிட்டார்கள். 10 யென் காசு போட்டுப் பேசிவிட்டு வைத்தால் காசு திரும்பி விழும். நான் வரிசையில் நின்று, டோக்கியோவில் இருந்த தஞ்சாவூர் நண்பனிடம் ஒரே வாக்கியம் சொன்னேன். அவன் நாகப்பட்டினத்துக்குச் சொன்னான். 171 என்ற எண்ணில் குரல் செய்தி பதிந்து வைக்கும் வசதியும் உண்டு. அது எங்கள் வீட்டுத் தொலைபேசிக் கட்டணச் சீட்டிலேயே அச்சிட்டிருந்ததாம். படித்ததில்லை.

ஆகவே: பேரிடர் நடந்த இடத்துக்கு வெளியே, அதே நாட்டில், ஒரு ஆளை முன்னாலேயே பேசி வையுங்கள். அவர் எண் மனப்பாடமாக இருக்கட்டும், கைபேசி செத்தால் அதற்குள் இருக்கும் எண்ணும் செத்தது. ஊரில் எல்லோரும் அவரைக் கேட்கட்டும். உங்களை யாரும் அழைக்க வேண்டாம். மின்சாரம் வந்தபிறகு எனக்கு ஒரே நாளில் எழுபது அழைப்பு வந்தது. அத்தனையும் அன்புதான். பேட்டரியைத் தின்றதும் அந்த அன்புதான்.

முகாமில் சைவச் சாப்பாடு கிடைத்ததா?

எல்லோரும் இதைக் கேட்கிறார்கள்! பக்கத்து ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்தான் முகாம், ‘ஹினாஞ்ஜோ’ என்பார்கள். மூன்று இரவு இருந்தோம். முதல் நாள் இரவு ஆளுக்கு அரைத் துண்டு பிஸ்கட். மறுநாள் ஒரு சோற்று உருண்டை. உள்ளே மீன் இருக்கலாம், உமெபோஷி என்ற புளித்த ஊறுகாய்க் காய் இருக்கலாம், பிரித்தால்தான் தெரியும். என் மனைவிக்கு மீன் வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் உருண்டையை மாற்றிக் கொடுத்தார். அவருடையது உமெபோஷி. அது கிடாரங்காய் ஊறுகாய்க்குத் தூரத்துச் சொந்தம்.

அந்த முதல் இரவில் பனி நின்று வானம் தெளிந்தது. நகரம் முழுக்க விளக்கில்லை. அவ்வளவு நட்சத்திரத்தை நான் கோடியக்கரையில்கூடப் பார்த்ததில்லை. செண்டாயில் யாரைக் கேட்டாலும் அந்த வானத்தைச் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசமாட்டார்கள். அதே வானத்துக்குக் கீழே கடற்கரையில் என்ன கிடந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. கடைசிக் கணக்கில் இறந்தவர்கள் சுமார் 15,900 பேர், காணாமல் போனவர்கள் சுமார் 2,500 பேர்.

என்னென்ன சாமான் வாங்கி வைக்க வேண்டும்?

கடையில் விற்கும் பேரிடர்ப் பை நல்லதுதான், வாங்குங்கள். எங்களைக் காப்பாற்றியவை வேறு.

மின்சாரம் மூன்றாம் நாள் வந்தது, தண்ணீருக்குப் பத்து நாளுக்கு மேல். குழாய் எரிவாயு வர ஏப்ரல் ஆயிற்று. துறைமுகத்தில் இருந்த எரிவாயு நிலையம் சுனாமியில் மாட்டியதால், நீகாட்டாவிலிருந்து வரும் குழாய் வழியாகத்தான் மீட்டார்கள். நிறுத்திய எரிவாயுவைத் திறக்க வேண்டுமானால் வீடு வீடாக ஆள் வந்து கசிவு பார்க்க வேண்டும். அதற்காக நாட்டின் பல ஊர்களிலிருந்து ஊழியர்கள் வந்தார்கள். சிலிண்டர் வைத்திருந்த வீடுகளில் சீக்கிரமே சமைத்தார்கள்.

எங்களிடம் மேஜைமேல் வைக்கும் சின்ன டப்பா அடுப்பும் ஆறு எரிவாயு டப்பாவும் இருந்தன. மாடிக் குடித்தனங்களில் எங்கள் டப்பாதான் அதிக நாள் வந்தது, குக்கரின் புண்ணியம். மின்சாரச் சோற்றுப் பானை தூங்க, நம் மூன்று லிட்டர் பிரெஸ்டீஜ் நாலு வீட்டுக்குச் சோறு வடித்தது. முதல் விசிலுக்குக் கீழ்வீட்டுப் பாட்டி பின்னதிர்வு என்று நினைத்து மேஜைக்கு அடியில் போய்விட்டார். அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் மூன்றும் எந்த நிபுணர் பட்டியலிலும் இல்லை. என் பட்டியலில் முதல் வரி அவைதான்.

ஜப்பானிய வீடுகளில் குளித்த தொட்டித் தண்ணீரை உடனே திறந்துவிட மாட்டார்கள். அந்த அழுக்குத் தண்ணீர்தான் கழிவறைக்கு. நாங்கள் சுத்தம் பார்த்துத் தினமும் இரவே காலி செய்துவிடுவோம், அதனால் ஆற்றுக்கு வாளி தூக்கினோம். குடிக்கும் தண்ணீர் வண்டியில் வரும். வாங்க மூடியுள்ள கேன் வேண்டும், வாளியில் வாங்கினால் மாடி ஏறுவதற்குள் பாதி படிக்கட்டுக்குப் போகும். ரொக்கமும் தேவை. கடைகள் இருட்டில் வாசலில் மேஜை போட்டுப் பத்துப் பொருளுக்கு மேல் இல்லை என்று விற்றபோது அட்டையை யாரும் பார்க்கவில்லை, சில்லறையாகக் கேட்டார்கள்.

ஜப்பானிய மொழி அவ்வளவாகத் தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?

கடைக்குப் போய்ப் பேசும் அளவுக்குத் தெரியும். ஆனால் பேரிடரின் மொழி வேறு. ஒலிபெருக்கியில் ‘தகடாயி’, ‘ஹினான்’ என்று சொல்லிக்கொண்டே போனார்கள். உயரமான இடம், வெளியேறுதல். எனக்கு அந்த இரண்டும் புரியவில்லை. ‘தகாய் தொகோரோ’, ‘நிகெதே’ என்றால் புரிந்திருக்கும். உயரமான இடம், ஓடுங்கள். 1995 கோபே நிலநடுக்கத்தில் மொழி தெரியாமல் தவித்த வெளிநாட்டவரைப் பார்த்துத்தான் ‘எளிய ஜப்பானியம்’ என்ற முறையை உருவாக்கினார்கள். நகரின் பன்மொழி உதவி மையம் அதையும் ஆங்கிலம், சீனம், கொரியன் மொழிகளையும் பயன்படுத்தியது. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த மொழியில் முதலில் ‘எவ்வளவு’, ‘எங்கே’ கற்றுக்கொள்கிறோம். ‘ஓடு’, ‘ஏறு’, ‘குடிக்காதே’, ‘தண்ணீர் வண்டி எத்தனை மணிக்கு’ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அணு உலை வெடித்ததுமே ஏன் கிளம்பவில்லை?

கிளம்பி ஏன் போனீர்கள்?

இரண்டையும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதலாவது ஊரில், இரண்டாவது செண்டாயில். சேர்த்தே பதில் சொல்கிறேன்.

ஃபுகுஷிமா முதல் அணு மின் நிலையம் எங்களிலிருந்து தெற்கே சுமார் 95 கிலோமீட்டர். மார்ச் 12, 14, 15 தேதிகளில் வெடிப்புகள். ஜப்பான் அரசு 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றியது. அமெரிக்கா தன் மக்களை 80 கிலோமீட்டருக்கு வெளியே போகச் சொன்னது. இரண்டு கணக்கிலும் நாங்கள் வெளியே. ஆனால் வட்டம் வரைவது மனிதன், காற்று வட்டமாக வீசாது. உலைக்கு வடமேற்கே, 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த இய்தாத்தே கிராமத்தில் கதிரியக்கத் தூசி படிந்ததுபோல அதைவிட அருகில் இருந்த சில ஊர்களில்கூடப் படியவில்லை. அந்தக் கிராமத்தைப் பிறகு காலி செய்தார்கள். அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்ததெல்லாம் தமிழ்ச் செய்தி. ‘ஜப்பான் அழிகிறது’ என்று ஓடிய தலைப்பைத் தங்கை போனில் வாசித்துக் காட்டினாள். செண்டாய் வானொலியில், எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர், எந்தக் குளியல் கூடம் திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டில் எதை நம்புவது? ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறது. நாங்கள் சண்டை போட்டோம். எட்டாம் நாள் கிளம்பினோம். விமான நிலையம் சேற்றில், ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடவில்லை. பேருந்தில் மலையைத் தாண்டி யமகாட்டா, அங்கிருந்து நீகாட்டா, டோக்கியோ, ஒசாகா. மனைவியையும் மகளையும் விமானம் ஏற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து நான் தனியாகச் செண்டாய் திரும்பினேன்.

சரியா தவறா என்று கேட்காதீர்கள். கதிர்வீச்சுக் கணக்குப்படி செண்டாயில் தங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அம்மாவின் குரல் அந்தக் கணக்கில் சேராது. கிளம்பும் முடிவைவிட எனக்கு உறுத்துவது, பாட்டியிடம் சொல்லாமல் விடியற்காலையில் கிளம்பியது. வெட்கம். சொன்னால் ‘நீங்களும் வாருங்கள்’ என்று அழைக்க வேண்டும், அழைக்க எங்களிடம் இடம் இல்லை.

திரும்பி வந்தபோது எப்படி நடத்தினார்கள்?

வெளிநாட்டவர் ஓடிவிட்டார்கள் என்று கேலி செய்ய அப்போது ஒரு புதுச்சொல்லே கிளம்பியிருந்தது. வேலையிடத்தில் ஒருவர் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ‘குழந்தை இந்தியா போய்ச் சேர்ந்ததா?’ என்றார். சேர்ந்தது என்றேன். ‘குக்கரை விட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்’ என்றார்.

கொள்ளை, திருட்டு எதுவும் நடக்கவில்லையாமே? ஜப்பானியர் தெய்வங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

வரிசையில் நின்றார்கள், உண்மை. தெய்வங்கள் அல்ல, நிறுத்தியிருந்த கார்களிலிருந்து பெட்ரோல் உறிஞ்சுகிறார்கள் என்று எங்கள் தெருவிலேயே பேச்சு இருந்தது. அந்த வரிசை பிறவிக் குணமில்லை, பள்ளிக்கூடப் பயிற்சி. முகாமில் முதல் மணி நேரத்திலேயே கழிவறை முறை, செருப்பு வைக்கும் இடம், சோறு பரிமாறுபவர் என்று பிரித்துவிட்டார்கள். எனக்குத் தண்ணீர் தூக்கும் வேலை.

இந்தியாவிலிருந்து உதவி வந்ததா?

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 46 பேர் மார்ச் கடைசியில் மியாகியின் ஒனகாவாவுக்கு வந்து தேடுதல் வேலை செய்தார்கள். அந்தப் படை வெளிநாட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. பாட்டி செய்தித்தாளில் அந்தப் படத்தைக் கத்தரித்து எனக்குக் கொடுத்தார்.

காகித வேலை ஏதாவது?

சுத்தம் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். நான் நல்ல பிள்ளையாகக் கண்ணாடித் துண்டைப் பெருக்கிவிட்டுத்தான் படம் எடுத்தேன். வார்டு அலுவலகத்தில் ‘ரிசாய் ஷோமெய்ஷோ’ என்ற சேதச் சான்றிதழ் தருவார்கள். உதவித்தொகையிலிருந்து நெடுஞ்சாலைச் சுங்கச் சலுகை வரை அதைக் கேட்டார்கள். பாஸ்போர்ட் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அப்போது ஜப்பானைவிட்டு வெளியே போய்த் திரும்ப மறுநுழைவு அனுமதி தனியாக வாங்க வேண்டும், அதற்காகவே நீண்ட வரிசை. 2012 ஜூலையிலிருந்து ஒரு வருஷத்துக்குள் திரும்புவோருக்கு அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் போகும் நாட்டில் என்ன விதி என்று இப்போதே பாருங்கள்.

இன்னும் பயம் இருக்கிறதா?

ஏப்ரல் 7 இரவு பதினொன்றரை மணிக்கு 7-க்கு மேல் அளவில் மறுபடி வந்தது. அடுக்கிய அலமாரி மறுபடி விழுந்தது, விளக்கு மறுபடி போனது. முதல் நாள் வராத அழுகை அன்று வந்தது, தனியாக இருந்தேன். பிறகு பல மாதம் நிலம் ஆடாதபோதும் ஆடுவதுபோல் இருக்கும். அதற்கு ஜப்பானியத்தில் ‘ஜிஷின் யொய்’ என்று பெயரே உண்டு, நிலநடுக்க மயக்கம். ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி மேஜைமேல் வைத்துப் பார்ப்பேன். தண்ணீர் அசையாவிட்டால் மறுபடி தூங்குவேன். இன்றும், நாகப்பட்டினத்தில், லாரி போகும்போது கண் தானாகத் தம்ளரைத் தேடுகிறது.

இப்போது உங்கள் வீட்டில் என்ன மாற்றியிருக்கிறீர்கள்?

கட்டிலுக்கு மேலே அலமாரி கிடையாது. கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும். இரவுக் குளியலுக்குப் பிடித்த தண்ணீரில் ஒரு வாளி மறுநாள் வரை கொட்டுவதில்லை. மகள் இப்போது புனேயில் படிக்கிறாள். விடுதிப் படிவத்தில் மூன்றாவது பெயருக்கான இடத்தில், இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு மராட்டிய அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறோம். அதற்காக நேரில் போய், முறுக்கு கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தோம். என் அம்மா தன் கைபேசியில் எல்லா எண்ணும் இருந்தும், டோக்கியோ நண்பனின் எண்ணை மட்டும் தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். அவன் எப்போதோ தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டான். போன வருஷம் வெள்ளையடிக்க வந்தவரை அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னார்.